ஓஜி எடுக்கலாமா, மேடம்?

கேள்வி: கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமம் என் ஊர். அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்து, சி.ஆர்.ஆர்.ஐ. என்ற ஓராண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சி முடித்து, மேற்படிப்புக்கான நீட் பிஜி எழுதி ரேங்க்கும் வந்துவிட்டது. ஓஜி (மகப்பேறு, மகளிர் மருத்துவம்), பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவம்), அனஸ்தீசியா (மயக்க மருத்துவம்) மூன்றில் எதைக் கேட்டாலும் கிடைக்கும் போலிருக்கிறது. மனசு ஓஜி பக்கம்தான் போகிறது. லேபர் வார்டு போஸ்டிங்கில் தூக்கமே இல்லை, ஆனால் ஒருநாளும் அலுக்கவில்லை. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. "பிரசவம் பார்க்கவா இவ்வளவு படிச்சே?" என்கிறார் அம்மா. பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை வீட்டில் "ராத்திரியில் ஓடுற வேலை வேண்டாமே" என்கிறார்கள். சீனியர்கள் கோர்ட் கேஸ், அடிதடி என்று பயமுறுத்துகிறார்கள். ஓஜி எடுத்தால் ஆயுசு முழுக்கப் பிரசவம்தானா? குடும்பம் நடத்த முடியுமா? அரசு வேலை நல்லதா, தனியாரா? என்னோடு படித்த பையன் ஒருவனும் ஓஜி எடுக்க ஆசைப்படுகிறான். எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். அவனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள், மேடம்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள டாக்டர்,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். எடுங்கள். தூக்கம் இல்லாத நாட்களிலும் அலுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி எனக்குப் போதும். அந்த வார்டில் ஒரு வாரம் நின்றாலே வேறு துறைக்கு ஓடிவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஓடுவதும் சரிதான்.

அப்புறம், உங்கள் வீட்டார் ஒன்றைக் கவனிக்கவில்லை. அனஸ்தீசியா எடுத்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம் என்று யார் சொன்னது? நள்ளிரவில் நான் சிசேரியனுக்குப் போனால், எனக்கு முன்னால் அனஸ்தெட்டிஸ்ட் அங்கே வந்திருப்பார். குழந்தையை வாங்கிக்கொள்ளப் பீடியாட்ரிஷியன் நின்றுகொண்டிருப்பார். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று துறைகளிலும் ராத்திரி உண்டு. எனவே ராத்திரியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வேறு எதை வைத்து முடிவு செய்வது? இந்தத் துறையில் நொந்துபோன டாக்டர்கள் பலரை எனக்குத் தெரியும். வேலை பிடிக்காமல் நொந்தவர்கள் அதில் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் தனியாக நின்று நொந்தவர்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரே ஓஜி டாக்டராக, சின்ன ஊரில் சொந்த நர்சிங் ஹோமில் ஒரே டாக்டரம்மாவாக, துணைக்குக் கூப்பிட ஆள் இல்லாமல் வருஷக்கணக்கில் நின்றவர்கள். அதனால் ஓஜி எடுக்கலாமா என்ற கேள்வியோடு நிறுத்தாதீர்கள். எங்கே படிப்பது, படித்தபின் யாரோடு சேர்ந்து வேலை செய்வது என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்பது பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைப் பார்த்தால் புரியும். குழந்தை அழுதாயிற்று, நஞ்சுக்கொடி வெளியே வந்தாயிற்று, வெளியே இனிப்பு வாங்க ஆள் போயாயிற்று. கர்ப்பப்பை மட்டும் சுருங்கவில்லை. கெட்டியாக உருண்டு நிற்க வேண்டியது கைக்குத் தளர்வாகத் தெரிகிறது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் அதிகமாக ரத்தம் ஓடுகிறது. அங்கே இருக்கிற அவகாசம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒருவர் வயிற்றின் மேல் கை வைத்துக் கர்ப்பப்பையைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கையை எடுக்கவே கூடாது. இன்னொருவர் இரண்டு கைகளிலும் பெரிய ஊசி போட்டு டிரிப் ஏற்றி, கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசினும் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிடும் கொடுக்க வேண்டும். மூன்றாமவர் சிறுநீர்ப் பையைக் காலி செய்து, எங்காவது கிழிசல் இருக்கிறதா என்று விளக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நாலாவது ஆள் ரத்த மாதிரியோடு பிளட் பேங்குக்கு ஓட வேண்டும். இதற்கும் நிற்கவில்லை என்றால் பலூன். ஆணுறையைக் கதீட்டரில் கட்டி, உள்ளே வைத்து, சலைன் நிரப்பி அழுத்தம் கொடுக்கிற முறையைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர் வங்கதேசத்தைச் சேர்ந்த பேராசிரியர் சயேபா அக்தர். விலை உயர்ந்த கருவி இல்லாத ஊர்களில் அது எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. பலூனும் கைகொடுக்காவிட்டால் ஆபரேஷன் தியேட்டர், கர்ப்பப்பையை இறுக்கிக் கட்டுகிற பி-லிஞ்ச் தையல், ரத்தக்குழாயைக் கட்டுவது, எதுவுமே பலிக்காவிட்டால் கடைசியாகக் கர்ப்பப்பையை எடுப்பது.

இவ்வளவையும் ஒரே ஆள் எந்தக் கையால் செய்வார்? 2023இல் வெளிவந்த ஈ-மோட்டிவ் ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் நடந்தது. அளவு குறித்த பிளாஸ்டிக் விரிப்பை அடியில் போட்டு ரத்தத்தைக் கண்ணால் அளந்தார்கள். அளவு தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக என்று காத்திராமல் எல்லாச் சிகிச்சைகளையும் சேர்த்தே தொடங்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் அறுவை சிகிச்சையும் சாவும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. புதிய மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. சேர்ந்து, சீக்கிரம் செய்தார்கள்.

நம் மாநிலத்துக் கதையும் இதுதான். 2018–20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். 54 என்பதே அதிகம்தான், கேரளத்தில் அப்போது 19. ஆனாலும் இந்த அளவுக்கு இறங்கியதே மூன்று நர்சுகளோடு 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களாலும், அவசரப் பிரசவச் சிகிச்சை தருகிற சீமாங் மையங்களாலும், 108 ஆம்புலன்ஸாலும், ஒவ்வொரு தாய் மரணத்தையும் விடாமல் தணிக்கை செய்கிற வழக்கத்தாலும்தான். தனியொரு கெட்டிக்கார டாக்டரால் இறங்கிய எண் இல்லை அது.

சிசேரியன் விஷயத்திலும் இதே நூல்தான் ஓடுகிறது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 60 சதவீதத்துக்கும் மேல், அரசில் ஏறக்குறைய 36. "காசுக்காக வெட்டுகிறார்கள்" என்று ஊர் பேசும். காசு இல்லாமல் இல்லை. ஆனால் நான் கிட்டத்திலிருந்து பார்த்தது வேறொன்று. காலை ஓபியில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மேலே ஒரு தலைப்பிரசவக்காரி வலியில் இருக்கிறாள். அவளுக்கு இன்னும் எட்டு, பத்து மணி நேரம் ஆகலாம். டாக்டர் ஒருவர்தான். நேற்று ராத்திரியும் அவர்தான் முழித்தார். அனஸ்தெட்டிஸ்ட் ஆறு மணிக்கு வெளியூர் கிளம்புகிறார். இப்போது அந்த டாக்டர் "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொல்வாரா? பொறுமை என்பது டாக்டரின் குணத்தில் மட்டும் இல்லை, டியூட்டி சார்ட்டிலும் இருக்கிறது. நாலு பேர் முறை போட்டுப் பார்க்கிற இடத்தில், ஒருவர் களைத்தால் அடுத்தவர் வந்து காத்திருப்பார்.

இன்று செய்யப்படுகிற முதல் சிசேரியன்களின் விளைவை உங்கள் தலைமுறைதான் சமாளிக்கப் போகிறது. பழைய தழும்பின் மேல் நஞ்சுக்கொடி ஒட்டி வளர்ந்துவிடுகிற கேஸ்கள் அறுவை சிகிச்சை கூடக்கூடக் கூடத்தான் செய்யும். அந்த ஆபரேஷனைத் தனியாகத் தொட யாருக்கும் துணிவு வரக்கூடாது.

சரி, எங்கே படிப்பது? கல்லூரியில் எம்.எஸ். மூன்று வருஷம், தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி.யும் மூன்று வருஷம். பழைய இரண்டு வருஷ டி.ஜி.ஓ. டிப்ளமோ இப்போது கல்லூரிகளில் அரிது. சென்னை எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரி 1844இல் தொடங்கியது, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி 1885இல். இப்படிப்பட்ட பெரிய இடங்களில் நீங்கள் ஒரு மாதத்தில் பார்ப்பதைச் சில கல்லூரிகளில் மூன்று வருஷத்திலும் பார்க்க முடியாது. அதே சமயம் கூட்டம் அதிகமாக இருந்தாலே பாடம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் நின்று "இப்போ இழு, இப்போ நிறுத்து" என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால், தப்பான பழக்கத்தையே ஆயிரம் தடவை பழகிக்கொண்டு வருவீர்கள். கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. ராத்திரி இரண்டு மணிக்கு அசிஸ்டன்ட் புரொபசர் வார்டில் இருக்கிறாரா, போனில் இருக்கிறாரா? பிளட் பேங்கும் ஐசியுவும் அதே வளாகத்தில்தானா? மூன்றாம் வருஷ பிஜி, குழந்தையின் தலையைப் பிடித்து இழுக்கும் ஃபோர்செப்ஸ் போடுகிறாரா, கீழ்வழியாகக் கர்ப்பப்பையை எடுக்கும் வஜைனல் ஹிஸ்டரெக்டமியைத் தானே செய்கிறாரா, கடைசிவரை வெட்டை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாரா? பேராசிரியரிடம் கேட்டால் எல்லாக் கல்லூரியும் சொர்க்கம். பிஜிகளிடம் கேளுங்கள்.

ஆயுசு முழுக்கப் பிரசவம்தானா என்று கேட்டீர்கள். கட்டாயம் இல்லை. ஆனால் முதல் மூன்று வருஷம் லேபர் வார்டிலிருந்து தப்ப முடியாது, தப்பவும் கூடாது. அதன்பின் பாதை பல கிளைகளாகப் பிரிகிறது. உயர் சிறப்புப் படிப்புக்கான நீட் எஸ்.எஸ். எழுதி ரீபுரொடக்டிவ் மெடிசினிலோ (குழந்தையின்மைச் சிகிச்சை) கைனக் ஆங்காலஜியிலோ (மகளிர் புற்றுநோய்) எம்.சி.ஹெச். போகலாம். ஃபெலோஷிப் வழியாக ஃபீட்டல் மெடிசினுக்கோ (கருவில் இருக்கும் குழந்தைக்கான மருத்துவம்) லேப்ராஸ்கோப்பிக்கோ (சிறு துளை வழி அறுவை சிகிச்சை) போகலாம். ஃபீட்டல் மெடிசின் பெரும்பாலும் பகல் வேலை, ஸ்கேன் மெஷினோடு. ராத்திரி ஓட முடியாதவர்களுக்கு ஏற்றது. ஆனால் ஸ்கேனுக்கு நிரப்ப வேண்டிய, பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் எஃப் படிவத்தில் ஒரு கட்டம் விடுபட்டாலும் பதில் சொல்ல வேண்டிவரும். குழந்தையின்மைச் சிகிச்சையில் பணம் இருக்கிறது, அதனாலேயே மனசாட்சியும் கூடுதலாக வேண்டும். கணவனின் விந்துப் பரிசோதனை என்ற சின்ன டெஸ்ட்டைக்கூடச் செய்யாமல், மனைவியை மட்டும் வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட வைத்த கேஸ்கள் இன்றும் வருகின்றன. 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தையும் வாடகைத்தாய்ச் சட்டத்தையும் படித்துவிட்டே அந்தப் பக்கம் போங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இரண்டு கிளைகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேன். இரண்டுக்கும் ஆள் போதவில்லை.

ஒன்று, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பு. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சந்தேகமான இடம் வெள்ளையாகத் திரளும். வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான். இந்தச் சோதனை உயிரைக் காக்குமா என்று பெரிய அளவில் பார்த்த ஆய்வு நம் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையை மையமாக வைத்து நடந்தது. 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை சோதனை. அதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். 2007இல் முடிவு வெளிவந்தது. சோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. உலகமே மேற்கோள் காட்டுகிற ஆய்வு, நம் ஊர்ப் பெண்களின் மேல், நம் ஊர் நர்சுகள் செய்தது. எம்.பி.பி.எஸ். பாடத்தில் இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை, உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இப்போது இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸுக்கு டெஸ்டும் தடுப்பூசியும் வந்துவிட்டன. அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோக டாக்டர்கள் வேண்டும்.

இன்னொன்று யூரோகைனகாலஜி, கர்ப்பப்பை இறக்கத்தையும் சிறுநீர்க் கசிவையும் பார்க்கிற பிரிவு. ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் "கீழ எறங்குது டாக்டரம்மா" என்று சொல்லவே பத்து வருஷம் எடுத்துக்கொள்கிறார்கள். இருமினால் சிறுநீர் கசிகிறது என்று கல்யாணத்துக்குப் போவதை நிறுத்திவிட்டவர்கள், பேருந்துப் பயணத்தையே விட்டுவிட்டவர்கள், உள்ளே துணியை மடித்து வைத்துக்கொண்டு களை பறிக்கப் போகிறவர்கள். பலருக்கு இடுப்புத்தளப் பயிற்சியிலேயே கசிவு குறையும். சிலருக்கு உள்ளே பொருத்துகிற வளையம் போதும், சிலருக்கு ஆபரேஷன். உயிர் போகிற நோய் இல்லை என்பதால் யாரும் அவசரப்படுவதில்லை. குணமானபின் அந்த அம்மா நிமிர்ந்து நடந்து ஓபிக்குள் வருவதை ஒரு தடவை பார்த்துவிட்டால் நீங்கள் இந்தத் துறையை விடமாட்டீர்கள்.

இனி கேஸ் பற்றி. பயம் நியாயமானது. ஆனால் எதைப் பயப்பட வேண்டும் என்று தெரிந்து பயப்படுங்கள். சமீரா கோஹ்லி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை பிஜியில் சேரும் முன்பே படித்துவிடுங்கள். டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்க மருந்தில் இருக்கிறார். உள்ளே பார்த்த டாக்டர், வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பை, சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். அந்தச் சிகிச்சை தேவையானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவசரம் இல்லாத நிலையில், விவரம் தெரிந்த ஒரு பெண்ணின் உடம்புக்கு அவர்தான் சம்மதம் தர வேண்டும், தாயார் தர முடியாது என்றது நீதிமன்றம். நம் ஊரில் புருஷன் கையெழுத்து, மாமியார் கையெழுத்து என்று தேடி ஓடுகிறோம். படுத்திருக்கிறவளிடம் பேசுகிறோமா? தப்பு நடந்த கேஸ்களைவிட, பேசாமல் விட்ட கேஸ்களே அதிகம் கோர்ட்டுக்குப் போகின்றன என்பது என் அனுபவம்.

அடிதடியும் அப்படித்தான். மருத்துவமனையில் வன்முறை செய்வதைப் பிணையில் விட முடியாத குற்றமாக்கிய சட்டம் தமிழ்நாட்டில் 2008இலேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தும் கண்ணாடி உடைகிறது. ஆறு மணி நேரம் கதவுக்கு வெளியே நின்ற குடும்பத்துக்கு, ஏழாவது மணியில் திடீரென்று "ரொம்ப சீரியஸ்" என்று சொன்னால் என்ன செய்வார்கள்? மணிக்கொரு தடவை ஒருவர் வெளியே வந்து, அந்தக் குடும்பத்தில் நிதானமான ஒரே ஆளைப் பார்த்து, உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டும். கேஸ் ஷீட்டில் நேரம் போட்டு எழுதிக்கொண்டே போக வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் இதற்கென ஒருவரை ஒதுக்கலாம். தனியாக இருந்தால் தையல் போடுவீர்களா, வெளியே வந்து பேசுவீர்களா?

கருக்கலைப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் இந்தத் துறைக்கு வருகிறவர் தன் மனசை இந்த விஷயத்தில் முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதால் சொல்கிறேன். 1971ஆம் ஆண்டுச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டு, குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை அனுமதி வந்தது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் ஓபியில் "கல்யாணம் ஆச்சா?" என்று நாம் கேட்கிற தொனியில் பயந்து, மருந்துக் கடை மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு, ரத்தப்போக்கோடு நம்மிடமே திரும்பி வருகிற பெண்கள் இருக்கிறார்கள். அந்தத் தொனியை உங்களிடமிருந்து எடுத்துவிட்டு வாருங்கள்.

குடும்பம் நடத்த முடியுமா? பிஜி மூன்று வருஷமும் கஷ்டம். பூசி மெழுக மாட்டேன். இடையில் குழந்தை பெற்றுக்கொண்டால் மகப்பேறு விடுப்பு உண்டு, ஆனால் படிப்பு முடியும் தேதி தள்ளிப்போகும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளைப் "படுத்து ரெஸ்ட் எடும்மா" என்று அனுப்புகிற துறையில், கர்ப்பமான பிஜி எட்டாம் மாதத்திலும் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டு லீவு கேட்கக் கூச்சப்படுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கூச்சப்படாமல் கேளுங்கள். படிப்பு முடிந்தபின் ராத்திரி எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் நீங்களே முடிவு செய்யலாம். முறை போட்டு வேலை செய்கிற குழுவில் சேர்ந்தால் வாரத்தில் சில ராத்திரி மட்டும் உங்களுடையது. அதற்கு ஒரு விலை உண்டு. நம் ஊரில் "டாக்டரம்மாவே வந்து பார்க்கணும்" என்று கேட்பார்கள். முதல் செக்கப்பிலேயே "எங்களில் யார் டியூட்டியோ அவர் பார்ப்பார், நாலு பேரையும் இப்பவே பார்த்துப் பழகிக்கோங்க" என்று சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் சிலர் வேறு இடம் போவார்கள். போகட்டும்.

இன்னொன்று. மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று எழுதவில்லை. அவரிடமே நேராகப் பேசுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல், உங்களுக்கு டியூட்டி, அன்று அவர் லீவு போடுவாரா என்று கேளுங்கள். அவர் தயங்கினால் அந்தத் தயக்கம் நீங்கள் எந்தத் துறை எடுத்தாலும் இருக்கும்.

அரசா, தனியாரா? முதல் சில வருஷம் அரசு என்பதுதான் என் கருத்து. இந்த முறை நினைத்த சீட் கிடைக்காவிட்டால், அரசு டாக்டர்களை எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வு வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேருங்கள். மாநில ஒதுக்கீட்டு பிஜி இடங்களில் அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு நம் மாநிலத்தில் 50 சதவீத ஒதுக்கீடு உண்டு. பிஜி முடித்தபின் பாண்டு (கட்டாய அரசுப் பணி) காலத்தில் எங்கே போட்டாலும், ஆர்டர் வந்ததும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு இன்னொரு ஓஜி டாக்டர் இருக்கிறாரா, அனஸ்தெட்டிஸ்ட் ராத்திரி ஊரில் தங்குகிறாரா, ரத்தம் இருப்பில் இருக்குமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் இல்லை என்றால், எந்தக் கேஸை எப்போது மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற வரம்பை முதல் நாளே நர்சுகளோடு உட்கார்ந்து எழுதி ஒட்டிவிடுங்கள். சொந்த நர்சிங் ஹோம் ஆசை இருந்தால் இருக்கட்டும், ஆனால் கூட்டாளியோடு தொடங்குங்கள்.

உங்கள் நண்பருக்கு: ஓபியில் "லேடி டாக்டர் இல்லையா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், அது அந்தப் பெண்ணின் உரிமை. வருத்தப்படாமல் இன்னொருவரிடம் அனுப்பிவிட வேண்டும். பரிசோதிக்கும்போது எப்போதும் ஒரு பெண் நர்ஸ் கூட இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் பிடிவாதம் இல்லை என்றால் அவருக்கு இங்கே இடம் உண்டு. லேப்ராஸ்கோப்பி, புற்றுநோய் அறுவை சிகிச்சை, ஃபீட்டல் மெடிசின் எல்லாவற்றிலும் பெயர் வாங்கிய ஆண்கள் நிறைய. சிரிக்கிறவர்களுக்காகச் சீட்டை மாற்ற வேண்டாம்.

அம்மாவிடம் கோபப்படாதீர்கள். அவர் சொன்னது அவருடைய வார்த்தை மட்டும் இல்லை. நம் ஊரில் பிரசவம் பார்ப்பது தீட்டு என்று ஒதுக்கப்பட்ட வேலை. அதைச் செய்த மருத்துவச்சிகளை ஊருக்கு ராத்திரி தேவைப்பட்டது, விடிந்ததும் வாசலில் நிறுத்தித் தானியம் அளந்து அனுப்பியது. அந்தப் பழைய பார்வைதான் அம்மாவின் வாயில் வருகிறது. ஆங்கிலேயப் பெண்ணான மேரி ஷார்லீப் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததே, ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று பெண்கள் வீட்டுக்குள்ளேயே சாவதைக் கேட்டுத்தான். புதுக்கோட்டையிலிருந்து வந்து 1912இல் அதே கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கிய முத்துலட்சுமி ரெட்டிதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர். அவர் பெயரில் வருகிற மகப்பேறு உதவித்தொகையை உங்கள் ஊரில் வாங்காத வீடு எத்தனை? இதை அம்மாவிடம் சொல்லுங்கள். அவருக்கு உங்களைப் பெற்றபோது யார் பார்த்தார்கள், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்றும் கேளுங்கள். நான் கேட்டுப் பார்த்தவரை, நம் அம்மாக்கள் ஒருவரும் அதை மறந்ததில்லை.

கவுன்சலிங்கில் கல்லூரி விருப்ப வரிசையை உறுதிசெய்து சாய்ஸ் லாக் செய்வதற்குள், நீங்கள் முதலில் எழுத நினைக்கும் கல்லூரிகளில் ஒன்றிரண்டுக்காவது நேரில் போய்வாருங்கள். டியூட்டி முடிந்து வெளியே வருகிற முதல் வருஷ பிஜியை கேன்டீனுக்குக் கூட்டிப்போய் காபி வாங்கிக் கொடுங்கள். "நேற்று ராத்திரி உங்களுக்குச் சந்தேகம் வந்தபோது யாரைக் கூப்பிட்டீங்க, எவ்வளவு நேரத்தில் வந்தாங்க?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்து உங்கள் வரிசையை மாற்றி எழுதுங்கள். எந்தக் கல்லூரி கிடைத்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.